அம்பத்தூர் ரயிலும் இஸ்திரிப் பெட்டியும்

அம்பத்தூர் ரயில் நிலையத்தில் நின்று தலையை உயர்த்திப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேலே ஒரு செப்புக் கம்பி செல்கிறது. அதன் மின்னழுத்தம் 25,000 வோல்ட். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரையிலான பாதை 1979இல் இவ்வாறு மின்மயமாயிற்று. ஆவடி, அம்பத்தூர் வழியாக ஓடும் மின்ரயில்கள் எல்லாம் இந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன. நம் வீட்டில் இருப்பதோ 230 வோல்ட். நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் இருந்தும் அந்தக் கம்பி ஏன் சூடேறி உருகிவிடவில்லை?

வீட்டு இஸ்திரிப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். 230 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்: 230 ÷ 5 = 46 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன்: 230 × 5 = 1150 வாட். பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் பற்றி இவ்வளவும் தெரிந்துவிட்டது. இந்த வழியைக் காட்டியவர் ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்த கியார்க் ஓம். அவருடைய நூல் 1827இல் வெளிவந்தது.

கோடைக்கால மாலையில் தெருவெல்லாம் விசிறிகள் சுழல்கின்றன. வீட்டு அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். பெட்டியின் தடை அதே 46 ஓம்தான். எனவே ஓட்டம் 180 ÷ 46, அதாவது ஏறத்தாழ 3.9 ஆம்பியர். திறன் 704 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைந்தது. சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது! அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் சேர்ந்து குறைகிறது அல்லவா? அதனால்தான் திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்கிறோம். (மின்விசிறிக்கு இந்தக் கணக்கை அப்படியே போட்டுவிடாதீர்கள். சுழலும் மோட்டாரின் கதை வேறு.)

இங்கேதான் கெட்டிக்கார மாணவர்களும் தடுமாறுவார்கள். "அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் திறன். கம்பியின் தடை அரை ஓம் என்றால், 25,000 × 25,000 ÷ 0.5 = 125 கோடி வாட். கம்பி ஆவியாகிவிட வேண்டுமே!" என்பார்கள். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் எந்த அழுத்தத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். 25,000 வோல்ட் என்பது கம்பிக்கும் தரைக்கும் இடையே உள்ளது. கம்பி சூடாவதற்குக் காரணமோ, அதே கம்பியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள அழுத்தம். அது எவ்வளவு?

ரயில் 1000 கிலோவாட் எடுக்கிறது என்று கொள்வோம். 25,000 வோல்ட்டில் அதற்கு வேண்டிய ஓட்டம் 10,00,000 ÷ 25,000 = 40 ஆம்பியர். எட்டு இஸ்திரிப் பெட்டிகளின் ஓட்டம்தான்! அரை ஓம் கம்பியில் 40 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கு இடையே 40 × 0.5 = 20 வோல்ட். வீணாகும் திறன் 20 × 40 = 800 வாட். அவ்வளவே.

சென்னையின் முதல் மின்ரயில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடியபோது அழுத்தம் 1500 வோல்ட்தான். 1960களில் அங்கும் 25,000 வோல்ட் வந்தது. நாம் எடுத்துக்கொண்ட அதே ரயிலுக்கு, அதே கம்பி வழியாக, 1500 வோல்ட்டில் மின்சாரம் கொடுத்தால் என்னவாகும்? ஓட்டம் ஏறத்தாழ 667 ஆம்பியர். கம்பியில் இழக்கும் அழுத்தம் 333 வோல்ட். வீணாவது ஏறத்தாழ 2,22,000 வாட். முன்னதைப்போல் 278 மடங்கு. இதைத் தவிர்க்கத் தடித்த கம்பி வேண்டும். துணை மின்நிலையங்களை நெருக்கமாக அமைக்கவும் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டம் குறைகிறது. இழப்போ ஓட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. (மாறுதிசை மின்சாரத்தில் திறன் காரணி என்று ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே அதை விட்டுவிட்டோம்.)

கம்பியில் காகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இரு கால்களுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் கம்பிதான் இருக்கிறது. அவற்றுக்கு இடையே உள்ள அழுத்தம் இல்லை என்றே சொல்லலாம். நின்றிருக்கும் சரக்கு வண்டியின் கூரைமேல் ஏறும் மனிதனின் நிலை வேறு. அவன் கால் இருப்பது தண்டவாளத்தோடு இணைந்த இரும்பின்மேல். கை கம்பியை எட்டினால், முழு 25,000 வோல்ட்டும் அவன் உடலின் இரு முனைகளுக்கு இடையே வந்துவிடும். உடலின் தடையை 1000 ஓம் என்று கொண்டால் ஓட்டம் 25 ஆம்பியர். இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை. நெருங்கினாலே காற்றின் ஊடே மின்பொறி பாயக்கூடும். அதனால்தான் இந்தக் கம்பியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்று ரயில்வே விதித்திருக்கிறது.