ஆறாத புண்ணும் அறிவிக்கும் புரதமும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பகுதி, தோல் தொழிலால் உலகறிந்தது. விலங்கின் தோலைப் பதனிடும் தொழிலாளரின் தோலும் சுண்ணாம்பு, அமிலம், குரோமிய உப்பு ஆகியவற்றை எதிர்கொள்கிறது. கைகளில் அரிப்பும் வெடிப்பும் தோன்றுதல் அங்குப் புதிதன்று. குரோமியத்தால் ஏற்படும் ஒவ்வாமைத் தோலழற்சி வேறு. தோல் புற்றுநோய் வேறு. ஆயினும், ‘தொழிலில் வரும் புண்தானே’ என எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால், அவற்றிடையே புற்றுநோய் ஒன்று மறைந்திருந்தாலும் அது கவனிக்கப்படாமல் வளர்ந்துவிடும்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுப்பதால், கருநிறத் தோலுடையோரிடம் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால், மெலனினை உருவாக்கும் செல்களிலேயே தோன்றும் மெலனோமா என்னும் கொடிய வகை, இவர்களிடம் பெரும்பாலும் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றுகிறது. இதற்கு வெயில் காரணமன்று. அடிபட்ட தழும்பு, சாயக்கறை, செருப்புக்கடி எனப் பலரும் இதனைத் தவறாகக் கருதிவிடுகின்றனர்.

ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு திசுவை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்வர். தீங்கற்ற மச்சமும் தொடக்கநிலை மெலனோமாவும் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். அப்போது துணைநிற்பவை செல்லிலுள்ள புரதங்கள். நோயின் இருப்பையோ தன்மையையோ சுட்டும் இத்தகைய பொருள்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். குறிப்பிட்ட புரதத்தோடு மட்டுமே இணையும் எதிர்ப்பொருளைச் சீவலின்மீது இட்டால், அப்புரதம் உள்ள இடம் நிறமேறிக் காட்டும்.

அவற்றுள் ஒன்றான எஸ்-100, 1965இல் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தறியப்பட்டது. 100 விழுக்காடு நிறைவுற்ற அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலிலும் அது கரைந்திருந்தமையால் இப்பெயர் பெற்றது. நரம்புசார் செல்களிலும் இது இருப்பதால், இதனை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது. எனவே மெலன்-ஏ, சாக்ஸ்-10 ஆகியவற்றையும் சோதிப்பர். ‘பிரேம்’ என்னும் புரதம் மெலனோமாக்கள் பலவற்றில் மிகுந்தும், மச்சங்கள் பெரும்பாலானவற்றில் இல்லாமலும் காணப்படும். இவற்றையும் செல்களின் வடிவத்தையும் சேர்த்தே நோயியல் மருத்துவர் முடிவெடுப்பார்.

‘இரத்தச் சோதனையே போதாதா?’ என்னும் வினா எழலாம். எஸ்-100பி என்னும் புரதம் இரத்தத்தில் உயர்வது பெரும்பாலும் நோய் பரவிய பின்னரே. தொடக்க நிலையை அறிய அது உதவாது. கட்டியின் ஆழமே நோயின் போக்கைப் பெரிதும் உணர்த்தும் என்பதை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் கண்டறியப்படும் மெலனோமா, பெரும்பாலும் அறுவை மருத்துவத்தாலேயே குணமாகும்.

ஆய்வகத்தின் வேலை திசு வந்தடைந்த பின்னரே தொடங்குகிறது. அதற்கு முந்தைய வேலை கண்களுடையது. வாரக்கணக்கில் ஆறாத புண், வடிவமோ நிறமோ மாறும் மச்சம், உள்ளங்காலில் பரவும் கருமை, நகத்தில் அகலமாகும் கரிய கோடு ஆகியவற்றைக் கண்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.