தாயக்கட்டையில் பிறக்கும் மாந்தர்

டில்லியின் பழைய கோட்டை நிற்கும் மேடே பாண்டவரின் இந்திரப்பிரத்தம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அங்கிருந்து அரசாண்ட தருமன் பகடையால் நாட்டையும் தம்பியரையும் இழந்த கதையை அறியாத தமிழ் இல்லம் இராது. அதனாலேயோ என்னவோ, சூதோடு சேர்த்துப் பகடையையும் நம் பெரியோர் பலர் வெறுத்து வந்துள்ளனர். நாம் இங்கு எடுத்துக்கொண்டது பணயம் இல்லாத ஓர் ஆட்டம். இதில் பகடை எதையும் பறிப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவரை நம் வீட்டுக் கூடத்திற்கு அழைத்து வருகிறது.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என்று இதனைச் சொல்லலாம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் இயற்றி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகையில் விற்பனைக்கு வந்தவற்றுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, அப்பாத்திரம் என்ன சொல்லும், என்ன செய்யும் என்பதை வாய்மொழியாகவே கூறுவர். வேடமில்லை, மேடையில்லை, வெற்றி தோல்வியும் பெரும்பாலும் இல்லை. அந்த முதல் விளையாட்டில் வலிமை, அறிவு முதலிய ஆறு இயல்புகளுக்கும் தனித்தனியே மூன்று பகடைகளை உருட்டி எண்களைக் குறித்துக்கொண்டனர்.

ஆனால், வலிமை பதின்மூன்று என்று எழுதிவிட்டால் அவர் யார் என்பது விளங்கிவிடுமா? எண் ஒருவரை அளக்கும்; அறிமுகம் செய்யாது. ஆகவே பின்னர் வந்த விளையாட்டுகள் பலவும் சொற்பட்டியல்களைத் துணைக்கொண்டன. தொழிலுக்கு ஒரு பட்டியல், குணத்திற்கு ஒன்று, கையிலுள்ள பொருளுக்கு ஒன்று எனச் சொற்களை வரிசையிட்டு எழுதி, விழுந்த எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக்கொள்வது முறை. நம் விருப்பத்திற்கே விட்டால் சிறுவர் அனைவரும் வாளேந்திய வீரராகவே பிறப்பர். பெரியவர்களும் அதற்குச் சளைத்தவர் அல்லர். எதிர்பாராத சொல் ஒன்று வந்து மறிக்கும்போதுதான் கற்பனை புது வழி தேடுகிறது.

இத்தகைய பட்டியல் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கருப்பொருளைக் கூறுமிடத்தில் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என எட்டினை எண்ணுகிறது. செய்தி என்பது ஈண்டுத் தொழில். பின்வந்த நாற்கவிராச நம்பி இவற்றைப் பதினான்காக விரித்தார். ஐந்திணையை மேல்வரிசையிலும் கருப்பொருளைப் பக்கவாட்டிலும் எழுதிப் பாருங்கள். ஒரு முழு அட்டவணை கண்முன் நிற்கும். குறிஞ்சிக்கு வேங்கையும் மயிலும் தினையும். நெய்தலுக்குப் புன்னையும் மீனும் உப்பும். புலவர் இதில் பகடை உருட்டவில்லை என்பது உண்மையே. எனினும் ஒரு நிலத்துப் பூவோ பறவையோ வேறு நிலத்தில் வந்து தோன்றினால், வந்த நிலத்திற்கே உரியதாகக் கொள்ளலாம் என்று தொல்காப்பியர் இடம் தந்திருக்கிறார். ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இவ்விதி சற்று இனிக்கத்தான் செய்கிறது.

இனி, உருட்டும் முறை. தாயக்கட்டை இதற்கு மிகவும் ஏற்றது. இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள், ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் சேர்ந்து பதினாறு வகையாக விழலாம். அவற்றுள் மூன்று என்னும் கூட்டுத்தொகை நான்கு வகையில் வரும். இரண்டும் நான்கும் மும்மூன்று வகையில் வரும். தாயமும் ஐந்தும் இவ்விரண்டு வகையில் வரும். ஆறு ஒரே வகையில்தான் வரும். இரண்டும் வெறுமையாக விழுவதும் அப்படியே. அதனைப் பன்னிரண்டு என்று எண்ணுவது வழக்கம். ஆக, ஏழு வரிகள் கொண்ட பட்டியலில் பரவலாகக் காணக்கூடியதை மூன்றுக்கு எதிரிலும், அரியதை ஆறு, பன்னிரண்டுக்கு எதிரிலும் எழுதுவதே அறிவுடைமை. தாயத்திற்குத் தறி நெய்பவர், இரண்டுக்கு உப்பு வணிகர், மூன்றுக்கு உழவர், நான்குக்கு இடையர், ஐந்துக்குப் பரதவர், ஆறுக்கு யாழ் செய்யும் தச்சர், பன்னிரண்டுக்கு ஒற்றர் என அமைக்கலாம். ஊரெல்லாம் ஒற்றராகிவிட்டால் கதை நடவாது அல்லவா?

கட்டை இல்லாதோர் சீட்டு எழுதிக் குலுக்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையிலும் சிறுவன் ஒருவனே குடத்திலிருந்து ஓலையை எடுத்தான். அங்கே ஒவ்வோர் ஓலைக்கும் வாய்ப்பு சமம். உறுப்பினரைத் தேர்வதற்கு அதுவே நியாயம். கதைமாந்தரைப் படைக்கவோ தாயக்கட்டையின் ஏற்றத்தாழ்வே சுவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொழிலுக்கு இரண்டு விழுந்தது, உப்பு வணிகர். குணப் பட்டியலில் மூன்று, மறதி மிகுந்தவர். பொருளுக்குத் தாயம், பிறருக்கு எழுதப்பட்ட ஓலை. மூன்று சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இப்போதுதான் வினாக்கள் எழுகின்றன. மறதியுள்ளவர் கடன் கணக்கை எவ்வாறு காக்கிறார்? மகள் காக்கிறாள் போலும். உடனே இரண்டாவது பாத்திரம் பிறந்துவிட்டது. ஓலையைக் கொடுத்தவர் யார்? சேர்க்க வேண்டிய ஊரின் பெயரை வணிகர் மறந்துவிட்டாரோ? இவ்வினாக்களுக்கு விடை சொல்லத் தொடங்கிய குழந்தை கதைக்குள் சென்றுவிட்டது.

இதில் நமக்கு ஒரு தனி அக்கறை உண்டு. கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெரு இந்தியையும் பள்ளி ஆங்கிலத்தையும் தாராளமாகத் தந்துவிடுகின்றன. வீட்டுத் தமிழோ 'சாப்பிடு, குளி, படு' என்னும் ஏவல் சொற்களுக்குள் சுருங்கி வருகிறது. ஏவலைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் காரணம் கூறவும், பேரம் பேசவும், மன்னிப்புக் கேட்கவும், உண்மையை மறைத்துப் பேசவும் தமிழில் வாய்ப்பு எங்கே? உப்பு வணிகராக அமர்ந்த பத்து வயதுச் சிறுமி, சுங்கம் கேட்கும் அதிகாரியை 'ஐயா' என்று அழைத்தாக வேண்டும். உப்பை மரக்காலால் அளந்து காட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம் பட்டியல் எழுதும் பொறுப்பைத் தந்தால், நமக்கே மறந்துபோன சொற்கள் பல வந்து சேரும். பேச்சின் நடுவே பிள்ளை இந்திக்குத் தாவினால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தலாகாது. கதை நடத்துபவர் தம் பாத்திரத்தின் மறுமொழியில் அதே பொருளைத் தமிழில் சொல்லிவிட்டால் போதும்.

பட்டியல் எழுதுவோரின் மனமும் பட்டியலில் ஏறிவிடும் என்பதை மறக்கலாகாது. வைத்தியரும் அமைச்சரும் எப்போதும் ஆடவராக, பெண்டிர்க்குச் சமையலே தொழிலாக எழுதினால் கட்டை எப்படி விழுந்தாலும் அதே உலகந்தான் வரும். சாதிப் பெயர்களும், உடற்குறையை நகைப்பாக்கும் சொற்களும் அறவே வேண்டா. விழுந்த சொல் பிடிக்கவில்லை என்று மீண்டும் மீண்டும் உருட்டக் கேட்பவர்களுக்கு இடம் கொடுக்காதிருப்பதே நம் கருத்து. பிடிக்காத சொல்தான் பெரும்பாலும் நல்ல கதையைத் தருகிறது. பிள்ளை உண்மையாகவே வருந்தினால் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு மூன்று பட்டியல்கள், பட்டியலுக்கு ஏழாக இருபத்தொரு சொற்கள் போதும். டில்லியின் தை மாதக் குளிரில் வெளியே போக இயலாத மாலையொன்றில் எழுதத் தொடங்கலாம். ஆட்டம் முடிந்ததும் அன்று பயன்பட்ட சொற்களை அடித்துவிட்டு, அவ்விடத்தில் புதிய சொற்களை எழுதி வைத்தால், மறுவாரத்திற்குப் பட்டியல் ஆயத்தமாக இருக்கும்.