தெருவுக்கு பேவர் பிளாக் போட வீட்டுக்கு 5,000 ரூபாய்... கொடுக்கணுமா?

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. ‘நம்ம தெருவுக்கு பேவர் பிளாக் போடப் போறோம். வீட்டுக்கு 5,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஜிபே பண்ணிடுங்க.’

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர்கள் யோசிக்காமல் அனுப்பிவிடுவார்கள். ஆனால், அதே தெருவில் கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது பல நாள் சம்பளம். அவர் குரூப்பில் எதுவும் பேசமாட்டார். ‘எல்லாரும் கொடுக்கிறப்போ நாம மட்டும் எப்படி மறுக்கிறது?’ என்று கடன் வாங்கியாவது கொடுப்பார்.

சரி, ஊர்த் தெருவைப் போட வேண்டியது யார்? அதற்கு நாம ஏன் காசு கொடுக்கணும்? வாங்க, பார்ப்போம்.

தெரு யாருடைய பொறுப்பு?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 110-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நெடுஞ்சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை போன்றவை நீங்கலாக, ஊருக்குள் இருக்கிற பொதுச் சாலைகளை அமைப்பதும் பராமரிப்பதும் கிராம ஊராட்சியின் கடமை. ஆக, வீட்டு வரி கட்டுகிற யாரும் தெரு கேட்கலாம். தனியாகப் பணம் கொடுத்தால்தான் தெரு கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கணும். நீங்கள் மனை வாங்கிய இடம் அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டாக இருந்து, அதன் தெரு இன்னும் தனியார் பெயரிலேயே இருந்தால், ஊராட்சியால் அதில் செலவு செய்ய முடியாது. முதலில் அந்தத் தெருவை தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். புது நகர்களில் பல வருடமாக மண் சாலையே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருது?

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை ஊராட்சியின் சொந்த வருமானம். சிறிய ஊர்களில் இது தெருவிளக்குக்கும் மோட்டார் கரன்ட் பில்லுக்குமே சரியாகப் போய்விடும். எனவே, பெரிய வேலைகளுக்கு வெளியில் இருந்துதான் நிதி வர வேண்டும்.

மத்திய நிதிக்குழு மானியம்: 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். இதில் 60 சதவிகிதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டும் என்பது விதியாக இருந்தது. மீதி 40 சதவிகிதத்தில்தான் தெரு உட்பட மற்ற தேவைகள் எல்லாம். அதாவது 1 லட்சம் வந்தால், தெருவை நினைத்துப் பார்க்கவே 40,000 ரூபாய்தான் இருந்தது.

நூறு நாள் வேலை: 2005-ல் வந்த சட்டம், செலவில் குறைந்தது 60 பங்கு கூலிக்கு, அதிகபட்சம் 40 பங்கு பொருளுக்கு என்று வைத்தது. சிமென்ட் தெருவில் கூலியைவிட ஜல்லி, மணல், சிமென்ட் செலவுதான் அதிகம். அதனால், நிறைய மண் வேலை நடந்த இடத்தில்தான் சிமென்ட் தெருவுக்கும் கணக்கு இடம் கொடுத்தது.

தொகுதி நிதி: எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால், தொகுதி முழுக்க இருக்கிற ஊர்கள் எல்லாம் இதற்காகக் காத்திருக்கும்.

அப்போ ‘வீட்டுக்கு 5,000’ எப்படி வந்தது?

இந்த வரிசையில் முன்னால் போக ஒரு வழி உண்டு. அதுதான் ‘நமக்கு நாமே’ திட்டம். 1990-களின் இறுதியில் தொடங்கி, இடையில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரிலேயே திரும்ப வந்தது. பொதுவாக, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால், மீதியை அரசு போடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தெருவுக்கு 6 லட்ச ரூபாய் மதிப்பீடு என்றால், மக்கள் பங்கு 2 லட்சம். தெருவில் 40 வீடு இருந்தால், வீட்டுக்கு 5,000 ரூபாய். பாதி அல்லது அதற்கு மேல் மக்களே கொடுத்தால், வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் வழி உண்டு.

ஆக, பணம் கேட்பது தப்பில்லை. அந்தப் பணம் திட்டத்தின் கணக்குக்குப் போகிறதா, யாரோ ஒருவருடைய ஜிபே கணக்கில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் கேளுங்க

1. எந்தத் திட்டம்? மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி இருக்கா? பொறியாளர் போட்ட மதிப்பீட்டின் நகல் எங்கே?

2. பணம் வங்கி வழியாக அரசுக் கணக்குக்குப் போகணும். ரசீது கட்டாயம் வேண்டும்.

3. இதே தெருவுக்கு வேறு நிதியில் ஏற்கெனவே பணம் ஒதுக்கியிருக்காங்களா? ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தையும் வரவு செலவையும் போனிலேயே பார்க்கலாம்.

4. கல் எத்தனை மில்லிமீட்டர் தடிமன்? ஐ.எஸ். 15658 தர விதிப்படி, லேசான வண்டிகள் போகிற தெருவுக்கு 60 மி.மீ., ஓரளவு கனமான போக்குவரத்துக்கு 80 மி.மீ. டிராக்டரும் நெல் லாரியும் வருகிற தெருவுக்கு 60 போட்டால் சீக்கிரம் அமுங்கிவிடும்.

5. குடிநீர்க் குழாயும் வடிகாலும் முதலில் முடியுமா? பேவர் பிளாக்கைப் பெயர்த்துத் திரும்பப் போடலாம். கான்கிரீட்டை உடைக்கத்தான் வேண்டும். பழைய தெருமேலேயே புதுசு போட்டால், மழைத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

கொடுக்க முடியாத தெரு என்ன ஆகும்?

இந்தத் திட்டத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கு. வெளியூரில், வெளிநாட்டில் ஆள் இருக்கிற தெரு ஒரே வாரத்தில் 2 லட்சம் சேர்த்துவிடும். கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெருவால் அது முடியாது. அரசின் பங்கும் பணம் கட்டிய தெருவுக்கே போகும். சில வருடம் கழித்துப் பார்த்தால், ஊரில் பாதித் தெரு பளபளவென்றும் மீதி சேறாகவும் இருக்கும்.

பணம் இல்லாத தெருவுக்கு இருக்கிற ஒரே பலம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே தீர்மானம் போட்டு, அது பதிவேட்டில் எழுதப்பட்டால், ‘இந்தத் தெருவை யாரும் கேட்கவே இல்லை’ என்று அலுவலகத்தில் சொல்ல முடியாது. 28 மாவட்டங்களில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்தில் இந்தப் பதிவு இன்னும் முக்கியம்.

எனவே, குரூப்பில் அடுத்த முறை மெசேஜ் வந்தால், பணம் அனுப்பும் முன் இரண்டு வரி டைப் பண்ணுங்க. ‘மதிப்பீட்டு நகலை குரூப்பில் போடுங்க. கொடுக்க முடியாதவங்க பங்கை முடிஞ்சவங்க பிரிச்சுக்கலாம்.’ குரூப்பில் பேசாமல் இருக்கிற அந்த ஒருவரால் இதைக் கேட்க முடியாது. உங்களால் முடியும்.