பேரேடும் ஆட்களும்: தரவுத்தள இணைப்புக்களைப் பேணும் முறை

செட்டிநாட்டார் கடல் கடந்து கொண்டுவிற்ற நாளில், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த முதலாளி, இரங்கூனில் ஒவ்வொரு கடன் கொடுக்கும்பொழுதும் ஒவ்வோர் ஆளைக் கப்பலேற்றி அனுப்பினாரல்லர். நம்பிக்கையுள்ள ஒருவரை ஏஜண்டாக நியமித்து, அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து, மூன்றாண்டுக் கணக்கிற்கு அனுப்பினார். அவர் அங்கே பெட்டியடியில் அமர்ந்து எண்ணிறந்த கொடுக்கல் வாங்கல்களை நடத்தி, கணக்கு முடிந்ததும் அடுத்து வருபவரிடம் பேரேட்டையும் பெட்டிச் சாவியையும் ஒப்புவித்து ஊர் திரும்பினார். ஆளை அனுப்புவது செலவு. அனுப்பிய ஆளைக் கொண்டு வேலை வாங்குவதே இலாபம். இவ்வொன்றை உளத்திற் கொண்டால், இன்று வலைத்தளம் அமைப்போர் பெரிதும் இடர்ப்படும் ஒரு விஷயம் எளிதில் விளங்கும். சர்வரில் இயங்கும் ஸ்கிரிப்டுகள் தரவுத்தளத்தோடு கொள்ளும் இணைப்பை எங்ஙனம் பேணுவது என்பதே அது. கணிப்பொறி பயிலும் நம் மாணவர்க்கும், பயின்று வேலையில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1937 பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்க் ஒருங்கே தொடங்கப்பெற்றது. அந்நாளில் எந்தப் பாங்கிலும் கிளையின் பேரேடு கிளையின் மேசைமீதே கிடந்தது. எழுத்தருக்கும் ஏட்டிற்கும் இடையே கையெட்டும் தூரமே. இன்றோ பேரேடு எங்கோ ஓரிடத்தில் ஒன்றாய் உள்ளது; கேட்போர் ஆயிரம் இடங்களில் உளர். அவ்வொரு பேரேட்டையே தரவுத்தளம் என்கின்றோம். ஏடு விலகிப் போனமையால், அதனிடம் போய்வரும் வழியும் ஒரு பொருளாய்ப் பேணத் தக்கதாயிற்று.

வலைப்பக்கம் ஒன்றை ஒருவர் கேட்கும்பொழுது சர்வரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து இயங்குகின்றது. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் மொழி இவ்வேலைக்குப் பெருவழக்காக உள்ளது. ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தை ஒரு சொல் கேட்குமுன் நிகழ்வன பல. முதற்கண், தரவுத்தளம் இருக்கும் பொறியின் முகவரியைக் காணல் வேண்டும். பின்பு இரு பொறிகளும் மூன்று சிறு செய்திகளை மாற்றிக்கொண்டு வழியைத் திறக்கின்றன. செய்தியை மறைத்து அனுப்ப வேண்டுமாயின் அதற்குரிய திறவுகோல்களையும் பரிமாறிக் கொள்கின்றன. அதன்மேல் ஸ்கிரிப்ட் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்ட, தரவுத்தளம் அவற்றைச் சோதித்து, இவ்விணைப்பிற்கென நினைவகத்தில் இடம் ஒதுக்குகின்றது. மை எஸ்.க்யூ.எல். இணைப்பொன்றுக்கு ஓர் இழையைத் தன்னுள் ஏற்படுத்தும்; போஸ்ட்கிரெஸ் ஒரு தனிச் செயல்முறையையே பிறப்பிக்கும். இவ்வளவும் ஆன பின்னரே, ‘இவ்வெண்ணுடைய மாணவர் பெற்ற மதிப்பெண் யாது?’ என்னும் ஒருவரிக் கேள்வி செல்கின்றது. கேள்விக்கு விடை வரும் நேரத்தினும் வாயிலில் நிற்கும் நேரமே மிகுதல் உண்டு.

இவ்வாறு இடம் பிடித்தலால் இணைப்புக்களின் தொகைக்கு வரம்பு உண்டு. நாமாக மாற்றாவிடின், மை எஸ்.க்யூ.எல். 151 இணைப்புக்களையும், போஸ்ட்கிரெஸ் 100 இணைப்புக்களையுமே ஒரு காலத்தில் ஏற்கும். அதற்கு மேல் வருவோர்க்கு மை எஸ்.க்யூ.எல். ‘இணைப்புக்கள் மிகுந்துவிட்டன’ என்று 1040 எண்ணிட்ட மறுப்பை அளித்துக் கதவடைத்துவிடும். போஸ்ட்கிரெஸ் தன் நூறிலும் மூன்றை நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கின்றது; எல்லா வழியும் அடைபட்ட வேளையில் உட்புகுந்து சீர்செய்வார்க்கு ஒரு வழி வேண்டுமன்றோ?

இனி, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் காலையை நினைமின். தமிழ்நாட்டில் ஏழெட்டு லட்சம் இளைஞர் ஒரே நேரத்தில் தத்தம் எண்ணைத் தட்டிக் காத்திருப்பர். இவர்க்கென ஒரு தளம் அமைப்பதாகவும், அதற்கு நூறு இணைப்புக்கள் உள்ளனவாகவும் கொள்வோம். ஸ்கிரிப்ட் ஒன்று இணைப்பை ஒரு வினாடியில் இருபதில் ஒரு கூறு மட்டும் கையில் வைத்திருந்து விட்டுவிடுமாயின், ஓர் இணைப்பு வினாடிக்கு இருபது பேர்க்கு உதவும். நூறும் சேர்ந்து இரண்டாயிரவர்க்கு உதவும். எட்டு லட்சம் பேரும் 400 வினாடியில், அஃதாவது 6 நிமிஷம் 40 வினாடியில், தம் மதிப்பெண்ணை அறிவர். அதே ஸ்கிரிப்டை எழுதியவர், முதல் வரியிலேயே இணைப்பைத் திறந்து, பக்கத்தை அலங்கரித்து, மாணவரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அது சென்றதென்னும் மறுமொழிக்குக் காத்திருந்து, கடைசி வரியில் இணைப்பை மூடினார் என்க. இணைப்பு இரண்டு வினாடி கையில் நின்றுவிட்டது. இப்பொழுது நூறு இணைப்புக்களும் வினாடிக்கு ஐம்பதின்மர்க்கே உதவும். எட்டு லட்சம் பேர்க்கு 16,000 வினாடி, அஃதாவது நான்கு மணி 26 நிமிஷத்திற்கு மேல் ஆகும். காத்திருப்போர் வாளா இரார், பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பர், கூட்டம் இரட்டிக்கும். தரவுத்தளம் செய்த வேலை இருவழியும் ஒன்றே. ஆளை வேலையின்றிப் பெட்டியடியில் இருத்தி வைத்ததனால் விளைந்த கேடே இது. ஆதலின் கேட்க வேண்டிய தருணத்தில் திறந்து, விடை கைக்கு வந்தவுடன் விடுத்து, குறுஞ்செய்தி முதலிய பிற அலுவல்களை அதன்பின் வைத்துக் கொள்ளல் வேண்டும்.

அங்ஙனமாயின் வரம்பை நூறிலிருந்து ஆயிரமாக்கிவிடலாகாதோ எனின், ஆகாது என்போம். தரவுத்தளப் பொறியில் கணிக்கும் கருக்கள் எட்டு எனின், ஒரே கணத்தில் எட்டு வேலைகளே நடைபெறும். ஏனைய இணைப்புக்கள் நினைவகத்தை உண்டுகொண்டு ஒன்றையொன்று நெருக்குவனவேயாம். கருக்களின் தொகையை இரட்டித்து வட்டுக்களின் தொகையைக் கூட்டி, அவ்வளவு இணைப்புக்களோடு தொடங்கிப் பார்க்க என்பது போஸ்ட்கிரெஸ் வழங்குவோரிடை உள்ள ஒரு கணக்கு. எட்டுக் கருவும் ஒரு வட்டும் உடைய பொறிக்கு அது பதினேழு! புதியோர் இதனை நம்ப மறுப்பர்; சோதித்தபின் வியப்பர்.

மாணவர் எழுதும் ஸ்கிரிப்டுகளில் அடிக்கடி காணப்படும் குற்றம் ஒன்றையும் இங்கே கூறுதல் தகும். மாணவர் பெயரைத் தேட ஒரு சார்பு, மதிப்பெண்ணைத் தேட ஒரு சார்பு என எழுதி, ஒவ்வொன்றனுள்ளும் புதிய இணைப்பைத் திறப்பர். அச்சார்பைச் சுற்றுக்குள் நாற்பது முறை அழைக்க, ஒரு பக்கத்திற்கு நாற்பது இணைப்பு ஆகிவிடும். ஒரு வேண்டுகோளுக்கு ஓர் இணைப்பைத் திறந்து, அதனையே எல்லாச் சார்புகளுக்கும் கைமாற்றித் தருதலே முறை. திறக்கும் பகுதியும் கடவுச்சொல்லும் ஒரே கோப்பில், வெளியார் கேட்டுப் பெற முடியாத அடைவில் இருத்தல் வேண்டும்.

பி.எச்.பி. ஸ்கிரிப்ட் முடிந்தவுடன், அது திறந்த சாதாரண இணைப்பைத் தானே மூடிவிடும். ஒவ்வொரு முறையும் வாயிற்சடங்கு வீணாகின்றதே என்று கருதி, நிலைத்த இணைப்பு என்னும் ஏற்பாடும் அம்மொழியில் செய்யப்பட்டது. இதில் ஸ்கிரிப்ட் முடிந்தாலும் இணைப்பு அறாது. அதே செயல்முறையில் அடுத்து வரும் ஸ்கிரிப்டுக்கு உதவும். நம் மூன்றாண்டு ஏஜண்டு போன்றது இது. ஆயின் இரண்டு எச்சரிக்கை உண்டு. இவ்விணைப்பு செயல்முறைதோறும் தனித்தனி நிற்கும். பத்து வலைப் பொறிகளில் ஐம்பது ஐம்பது செயல்முறைகள் ஓடினால், யாரும் ஒன்றும் கேளாதபோதே ஐந்நூறு இணைப்புக்கள் திறந்து கிடக்கலாம். 151-இன் கதி என்னாம்? சும்மா கிடக்கும் இணைப்பை மை எஸ்.க்யூ.எல். தானே அறுப்பதற்கு, இயல்பான அமைப்பில், 28,800 வினாடி, அஃதாவது எட்டு மணி நேரம் காத்திருக்கும்.

இரண்டாவது, கணக்கை ஒப்புவித்தல். முன்னவர் பேரேட்டில் பாதி எழுதிய பற்றை முடிக்காமல் விட்டுச் சென்றால் பின்னவர் அதனைத் தம் கணக்கென்று மயங்குவர். அங்ஙனமே, ஒரு ஸ்கிரிப்ட் பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கி, நிறைவேற்றாமலும் மீட்காமலும் மடிந்துவிட்டால், பூட்டிய அட்டவணைகளும் தற்காலிக அட்டவணைகளும் அவ்விணைப்பிலேயே தங்கி, யாதுமறியாத அடுத்த ஸ்கிரிப்டின் தலையில் விழும். பழைய மை எஸ்.க்யூ.எல். சார்புகள் இத்துப்புரவைச் செய்தில. 2015 டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. 7-இல் அவை நீக்கப்பட்டன. அவற்றின் பின் வந்த மை எஸ்.க்யூ.எல்.ஐ. என்பது, நிலைத்த இணைப்பை மீண்டும் எடுக்கும்போது, முடியாத பரிவர்த்தனையை மீட்டு, பூட்டுக்களை நீக்கித் தருகின்றது.

ஜாவா முதலிய மொழிகளில் வழங்குவது இணைப்புக் குளம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றி நம் முதியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர். நீண்ட கூடம் ஒன்றில் இத்தனை பெட்டியடி என்று இடம் வரையறுக்கப்பட்டிருக்கும். குளமும் அப்படியே, இருபது இணைப்புக்களை முன்னரே திறந்து வைத்து, வருவோர்க்கு ஒவ்வொன்றாய்க் கொடுத்துத் திரும்பப் பெறும். (உவமை முற்றும் பொருந்தாது, கிட்டங்கியில் பெட்டிதோறும் விலாசம் வேறு.) இருபதும் வெளியிலிருப்பின் அடுத்தவர் சிறிது காத்திருப்பர், குறித்த நேரம் கடந்தால் மறுப்புப் பெறுவர். இங்கே பெருந்தீங்கு செய்வது, எடுத்ததைத் திருப்பாமை. இடையே பிழை நேர்ந்து ஸ்கிரிப்ட் வேறு வழியிற் பாயும்போது, திருப்பித் தரும் வரி ஓடாமலே போய்விடும். பிழைக்கு ஒன்றாக இருபது பிழையில் குளம் வற்றும். பிழை நேரினும் நேராவிடினும் ஓடியே தீரும் பகுதியில் அவ்வரியை வைத்தல் வேண்டும். 2011-இல் வந்த ஜாவா 7 இதனைத் தானே செய்யும் தொடரமைப்பைத் தந்தது.

வலைப் பொறிகள் பலவாயின், குளத்தைத் தரவுத்தளத்தின் வாயிலிலேயே ஒன்றாய் வைப்பாரும் உளர். ஸ்கைப் நிறுவனத்தில் தோன்றி 2007-இல் வெளியான பிஜி பவுன்ஸர் அத்தகையது. ஆயிரம் ஸ்கிரிப்டுகளுக்கு முகங்காட்டிக்கொண்டு, உள்ளே இருபது இணைப்புக்களால் அது காரியம் முடிக்கும். பரிவர்த்தனைதோறும் இணைப்பை மாற்றிக் கொடுக்கும் முறையில் அதனை அமைத்தால், ஸ்கிரிப்ட் இணைப்பில் செய்துவைத்த தனி அமைப்புக்கள் அடுத்த பரிவர்த்தனையில் இராமற் போகலாம் என்பதை நினைவிற் கொள்க.

தளம் மந்தப்படும்போது பொறியின்மீது பழி போடுமுன், இணைப்புக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.-இல் ‘ஷோ பிராசஸ்லிஸ்ட்’ என்னும் கட்டளை ஒவ்வோர் இணைப்பும் என் செய்கின்றது, எத்தனை வினாடியாய்ச் செய்கின்றது என்று வரிசையாய்க் காட்டும். உறங்கும் இணைப்புக்களை அதிற் காணலாம். போஸ்ட்கிரெஸில் அவ்வாறே காட்டும் அட்டவணை உண்டு. பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்புக்களே அங்கே முதலில் தேடத் தக்கன; 2016-இல் வந்த 9.6ஆம் பதிப்பு முதல், அத்தகையவற்றை இத்தனை வினாடிக்குப்பின் அறுத்துவிடுக என்று கட்டளையிடவும் வசதியுள்ளது.