பெற்றோர் துணையின்றி நூலகம் செல்லலாமா? அந்தமானுக்கு விடை தில்லியில்

புது தில்லி: பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோர் துணையின்றிப் பொது நூலகத்துக்குள் நுழையலாமா? சட்டப்பேரவை இல்லாத அந்தமான்-நிகோபார் தீவுகளில் இக்கேள்வி எழுந்தால், சட்டரீதியாக விடை காணும் பொறுப்பு மத்திய அரசையும் நாடாளுமன்றத்தையுமே சாரும்.

இக்கேள்வி கற்பனையானதல்ல. சிறார்களுக்குத் தீங்கானவை எனக் கருதப்படும் நூல்களை அவர்களுக்கு எட்டாத இடத்துக்கு மாற்ற வகை செய்யும் சட்டம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2024 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அங்குள்ள டோனலி என்ற சிற்றூரின் நூலகத்தில் தனிப் பிரிவு அமைக்க இடமில்லை. எனவே, பெற்றோர் உடன் வந்தாலோ, ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டாலோ மட்டுமே சிறார்களுக்கு அனுமதி என்ற நிலை ஏற்பட்டது. கட்டுப்பாடு நூல்களுக்கு, வெளியே நின்றவர்களோ குழந்தைகள்.

20 வயது வரை "இளையோர்'

இந்தியாவில் இது தொடர்பாக 1956-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குற்றம், வன்முறை, அருவருப்பான நிகழ்வுகளைச் சித்திரித்து இளையோரைக் கெடுக்கக்கூடிய வெளியீடுகளை விற்பதும், வாடகைக்கு விடுவதும், புழக்கத்தில் விடுவதும் அச்சட்டப்படி குற்றம். 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 20 வயதுக்கு உள்பட்ட அனைவரும் இளையோரே. எனினும், இச்சட்டம் வெளியீட்டைப் பரப்புவோரைத்தான் தண்டிக்கிறது. வாசகரை நூலகத்தில் நுழையவிடாமல் தடுக்கவில்லை.

நூலகம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழகத்தில் 1948-ம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தமானுக்கென அத்தகைய சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 246 (4)-வது பிரிவின்படி நாடாளுமன்றம் அங்கு சட்டம் இயற்றலாம். 240-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறை விதிகளைப் பிறப்பிக்கலாம். தீவுகளின் சார்பில் மக்களவையில் இருப்பவர் ஒரே ஓர் உறுப்பினர்.

கடல் கடந்த பெற்றோர்

பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால், "பெற்றோருடன் வா' என்ற நிபந்தனை தீவுகளில் வேறு பொருள் தரும். தந்தை மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்றிருப்பார். போர்ட் பிளேர் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்குப் படிக்க வரும் 17 வயது மாணவரின் வீடோ வேறொரு தீவில், கப்பல் பயணத் தொலைவில் இருக்கும். அவர்களுக்கு அந்த நிபந்தனை தடையாகவே முடியும்.

கணினி வழி வாசிப்பிலும் இதே சிக்கல் எழக்கூடும். சென்னையிலிருந்து அந்தமானுக்கு அமைக்கப்பட்ட கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. சிறார்களுக்கான தேசிய மின்னூலகத்தை மத்திய அரசு 2024-ல் தொடங்கியது. அதேவேளை, 2023-ம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சில வகையினருக்கு விலக்களிக்கவும் அதில் இடமுண்டு.

முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. யுனெஸ்கோ ஒத்துழைப்புடன் 1951-ல் நேரு திறந்துவைத்த தில்லி பொது நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. வாசலில் பெற்றோரைத் தேடுவதைவிட, உள்ளே தனிப் பிரிவும் பயிற்சி பெற்ற நூலகரும் இருப்பதே தீவுச் சிறார்களுக்குப் பாதுகாப்பு. தில்லி பொது நூலகம் மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது.