ஆலைகள் ஊர் பெயரும் காலம்

பிழைப்பை நாடி மனிதர் ஊர் விட்டு ஊர் செல்வது நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆனால் பிழைப்பைத் தரும் ஆலையே மூட்டை கட்டிக்கொண்டு கடல் கடந்து போய்விடுவதும் உண்டு. மோட்டார்க் கார்த் தொழிலில் இது அடிக்கடி நிகழ்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இத்தொழிலை நம்பி வாழ்கின்றனர். ஆகவே ஆலை ஏன் பெயர்கிறது, பெயர்ந்தபின் எஞ்சுவது யாது என்பதை நாம் அறிந்துகொள்வது நலம். அதற்கு ஃபோர்டு கம்பெனியின் வரலாறு ஒன்றே போதுமானது.

அமெரிக்காவில் டெட்ராயிட் நகரில் 1903ஆம் ஆண்டு தோன்றியது இக்கம்பெனி. 1914ஆம் ஆண்டில் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்து உலகையே வியப்பில் ஆழ்த்தினார் ஹென்றி ஃபோர்டு. அதே கம்பெனி பிற்காலத்தில் கூலி குறைந்த நாடுகளை நாடியது காலத்தின் கோலம் எனலாம்.

மிச்சிகன் மாநிலத்தில் வேய்ன் என்னும் ஊரில் 'ஃபோகஸ்' என்ற சிறிய கார் தயாராகி வந்தது. சிறிய காரில் இலாபம் சொற்பம். ஆதலால் அதன் உற்பத்தியை மெக்ஸிகோவுக்குக் கொண்டுசெல்லக் கம்பெனி எண்ணியது. 160 கோடி டாலர் செலவில் அங்கே ஒரு புதிய ஆலையும் எழவிருந்தது. அரசியல்வாதிகளின் கண்டனம் வலுத்தது. சிறிய கார்களின் விற்பனையோ சரிந்தது. 2017 ஜனவரியில் புதிய ஆலைத் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம், ஃபோகஸ் இனிச் சீனாவில் தயாராகும் என்று அறிவிப்பு வந்தது. 2018 மே மாதத்தில் வேய்ன் ஆலையில் அக்காரின் உற்பத்தி நின்றது.

பிறகு நிகழ்ந்ததே விந்தை. சீனப் பொருள்கள்மீது அமெரிக்க அரசாங்கம் கூடுதல் சுங்கத் தீர்வை விதித்தது. கணக்குப் பொய்த்தது, 2018 ஆகஸ்டில் சீனத் திட்டமும் கைவிடப்பட்டது. அப்படியானால் காரை உள்நாட்டிலேயே செய்யலாமே என்று ஜனாதிபதி டிரம்ப் கூறினார். ஆண்டுக்கு 50,000 கார்கூட விற்காத நிலையில் இலாபம் கிட்டாது என்று கம்பெனி மறுத்துவிட்டது. ஆக, அக்கார் இங்குமின்றி அங்குமின்றி அமெரிக்கச் சந்தையிலிருந்தே மறைந்தது. வேய்ன் தொழிலாளர் செய்த புண்ணியம், பெரிய வண்டிகளைச் செய்யும் வேலை அவ்வாலைக்கு வந்து சேர்ந்தது. எல்லா ஊருக்கும் அந்தப் பேறு கிட்டுவதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1926ஆம் ஆண்டிலேயே ஃபோர்டு இந்தியாவில் கால் வைத்தது. உதிரிப்பாகங்களைக் கப்பலில் தருவித்து இங்கே பூட்டி விற்றது. சுதந்திரத்துக்குப்பின், உறுப்புகளையும் இந்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தியபோது, 1950களின் முற்பகுதியில் அது வெளியேறியது. மீண்டும் 1995ஆம் ஆண்டு மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து வந்தது. சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் ஆலை அமைந்தது. 2015ஆம் ஆண்டு குஜராத்தில் சானந்திலும் ஓர் ஆலை திறக்கப்பட்டது. மறைமலைநகரில் செய்த 'ஈகோஸ்போர்ட்' கார்கள் 2018 முதல் அமெரிக்காவிலேயே விற்பனையாயின. அந்நாட்டார்க்கு 'வெளிநாட்டுக்குப் போன உற்பத்தி' நமக்கு 'வந்த வேலை' ஆயிற்று. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு முகங்கள்!

ஆனால் அந்த முகமும் மாறியது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கூறி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9ஆம் நாள் கம்பெனி அறிவித்தது. ஏறத்தாழ 4,000 பேர் வேலை கேள்விக்குறியாயிற்று. மறைமலைநகர்த் தொழிலாளர் உரிய இழப்பீடு கோரி 2022 மே மாத இறுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. சானந்துக் கார் ஆலையை டாட்டா கம்பெனி 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கித் தொடர்ந்து நடத்துகிறது. மறைமலைநகர் ஆலையோ பூட்டிக் கிடந்தது. அங்கே ஏற்றுமதிக்காக எஞ்சின்கள் செய்யப்போவதாக 2025ஆம் ஆண்டு ஃபோர்டு அறிவித்தது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. 2029ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கும் என்பது திட்டம்.

இவ்வரலாற்றிலிருந்து ஆலை பெயர்வதற்குரிய காரணங்கள் விளங்கும். கூலி மட்டுமே காரணமன்று. சுங்கத் தீர்வை, சந்தையின் அளவு, மக்கள் விரும்பும் வண்டியின் வகை, ஆலை முழு அளவில் ஓடுகிறதா என்பது ஆகிய யாவும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. தொழிலாளியின் திறமைக் குறைவால் மறைமலைநகர் மூடப்படவில்லை. அவன் செய்த கார் அமெரிக்க வீதிகளில் ஓடியதே அவன் திறமைக்குச் சான்று. அத்திறமையும் அவன் வேலையைக் காக்கவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

முதலுக்கு ஊர்ப்பாசம் கிடையாது. இயந்திரத்தைக் கழற்றி வேறிடத்தில் பூட்டிவிடலாம். தொழிலாளியோ, கடனுக்குக் கட்டிய வீட்டையும், பள்ளியில் படிக்கும் குழந்தையையும், முதிய பெற்றோரையும் அவ்வாறு பெயர்த்துச் செல்ல இயலுமா? நாற்பது வயதைத் தாண்டியவனுக்குப் புதிய வாயில் எளிதில் திறப்பதில்லை. ஆலையைச் சுற்றியிருந்த சிறு பட்டறைகளும், லாரிக்காரரும், உணவுக் கடைக்காரரும் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

ஆகவே ஆலைகளை வரவேற்கும் அரசாங்கங்கள், அவை புறப்படும் நாளுக்குரிய ஏற்பாட்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சலுகைக்கு நிலமும் வரிக்கழிவும் கேட்போரிடம், தொழிலாளியின் பாதுகாப்பைக் கேட்பது முறையே. நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பெரிய கம்பெனியில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் சம்பளம் முழுவதையும் தவணைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடல் தகாது. ஓராண்டுக் குடும்பச் செலவைச் சேமித்து வைப்பதும், கைத்தொழிலோடு மற்றொரு தொழிலறிவையும் வளர்த்துக்கொள்வதும் இளைஞர்க்கு அரணாகும்.