குளிர்சாதனப் பெட்டியும் அறுபது அலகு எல்லையும்

2022 ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தால் உயர்த்தப்பட்டபோது, குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவைப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. விடை, கட்டண முறையிலேயே தங்கியுள்ளது.

நாளொன்றுக்கு ஓர் அலகை நுகரும் பெட்டி, மாதத்துக்கு 30 அலகுகளைக் கூட்டுகிறது. 45 அலகுகளைப் பாவித்த குடும்பம் இதனால் 75 அலகுகளை எட்டுகிறது. 2025இல் நடைமுறையிலிருந்த முறையில், மாதப் பாவனை 60 அலகுகளைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலை அறவிடப்பட்டது. நிலையான கட்டணமும் கூடியது. ஆகவே, பாவனை இரு மடங்காகாமலேயே பட்டியற் தொகை இரு மடங்கைத் தாண்டியது.

தேய்ந்த கதவு றப்பரை மாற்றுவதும், பெட்டியை அடுப்பிலிருந்து தள்ளி வைப்பதும் சில அலகுகளை மீதப்படுத்தும். எனினும், நோயாளியின் இன்சுலினைக் காக்கும் பெட்டியை ஆடம்பரமாக்கும் இந்த எல்லை மறுபரிசீலனைக்குரியது என்றே நாம் கருதுகின்றோம்.